இறும்பூது எய்துகிறோம்: இந்தச் சொல் பெருமிதமா, வியப்பா?

வாடைக்காற்று (மண்டபம்):

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அவசர சந்தேகம். எங்க ஊர்ப் பிள்ளை ஒன்னுக்கு மருத்துவக் கல்லூரியில இடம் கெடைச்சிருக்கு. அப்பா நாட்டுப் படகுல கூலிக்குப் போறவரு. அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போறவுக. ஊர் சார்பா பாராட்டு விழா வச்சிருக்கோம். பிளக்ஸ் அடிக்கிற தம்பி, ‘எங்கள் ஊரின் மகளை எண்ணி இறும்பூது எய்துகிறோம்’னு போட்டு மாதிரி அனுப்பிட்டாரு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. “இறும்பூதுன்னா வியப்புடா. அது படிக்கும்னு ஊருக்கே தெரியுமே, இதுல நமக்கு என்ன வியப்பு? மீன்பிடிக்கிறவன் மக டாக்டருக்குப் படிக்கிறது அதிசயம்னு நாமளே எழுதி மாட்டுவோமா?”ன்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இறும்பூதுன்னா பெருமைன்னுதானே மேடையில எல்லாரும் பேசுறாக? வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க. நாளைக்குள்ள அச்சுக்குக் குடுக்கணும்.

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

தம்பி, உங்க ஊர்ப் பெரியவர் சொன்னது சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இறும்பூது என்றால் வியப்புதான். சேர அரசர்களைப் பாடிய சங்க நூலான பதிற்றுப்பத்தின் நாலாம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார், களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலைப் பார்த்து, “இறும்பூதால் பெரிதே கொடித்தேர் அண்ணல்” என்று பாட்டைத் தொடங்குகிறார். ‘உன் படையைப் பார்க்கப் பார்க்கப் பெரிய வியப்பாக இருக்கிறது’ என்பதுதான் அங்கே பேச்சு. புலவர் தன்னைப் பற்றியோ தன் கூட்டத்தைப் பற்றியோ பெருமை கொள்ளவில்லை. எதிரில் நிற்கும் ஒன்று தன் அளவுக்கு மிஞ்சிப் போனதைச் சொல்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் விழாவுக்கு நேராகப் பயன்படும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவது, சொல்கிறார்: “நகையே அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை”. இதில் மருட்கை என்பதற்கு உரைகாரர்கள் வியப்பு என்றுதான் பொருள் சொல்வார்கள். பெருமிதம் வேறு, உவகை வேறு. மூன்றையும் மூன்றாகவே வைத்தார் அவர். அதோடு நிற்கவில்லை, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்றும் பிரித்துக் காட்டினார்.

மருட்கைக்கு: “புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.”

பெருமிதத்துக்கு: “கல்வி தறுகண் புகழ்மை கொடையெனச் சொல்லப்பட்ட பெருமிதம் நான்கே.”

கவனித்தீர்களா? பெருமிதம் பிறக்கும் இடங்களில் முதலில் நிற்பது கல்வி. உங்கள் பிள்ளை படித்து வாங்கிய இடத்துக்கு ஊர் கொள்ள வேண்டியது பெருமிதம். மருட்கையோ ‘மதிமை சாலா’ நிலை. அறிவு போதாமல் நிற்பது. எப்படி நடந்தது என்று விளங்காதபோது வருவது. அந்தப் பிள்ளை எப்படி இடம் வாங்கியது என்பது உங்களுக்கு விளங்காமலா இருக்கிறது? விடிய விடிய விளக்கு எரிந்ததை ஊர் பார்த்திருக்குமே.

தொண்டிக்காரன்:

ஐயா சொல்றதுல இலக்கணம் சரி, மறுக்கல. ஆனா சொல்லு ஒரே இடத்துல நங்கூரம் போட்டு நிக்காது. நாற்றம்னா ஒரு காலத்துல நறுமணம். இப்ப யாராவது ‘மல்லிகை நாற்றம்’னு சொன்னா என்ன ஆகும்? இறும்பூதும் அப்படித்தான் நகர்ந்து போச்சு. கல்யாணப் பத்திரிகை, கட்சி மேடை, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாத்துலயும் ‘இறும்பூது எய்துகிறேன்’னா ‘பெருமையா, சந்தோஷமா இருக்கு’ன்னுதான் பேசுறவனும் நெனைக்கிறான், கேக்குறவனும் நெனைக்கிறான். பேசுறவனுக்கும் கேக்குறவனுக்கும் ஒரே பொருள் இருந்தா அதுதானே சொல்லோட பொருள்? பதிற்றுப்பத்தைத் தொறந்து பார்த்துட்டா பிளக்ஸ் படிக்கப் போறாக?

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

நல்ல கேள்வி. நாற்றம் நகர்ந்தது உண்மைதான். ஆனால் அது வீட்டில், கடையில், மீன் ஏலக்கூடத்தில், எல்லார் வாயிலும் புழங்கி நகர்ந்தது. இறும்பூது அப்படிப் புழங்கும் சொல்லா? உங்க வீட்டில் யாராவது “மகன் வேலைக்குப் போயிட்டான், எனக்கு ஒரே இறும்பூதா இருக்கு” என்று சொல்லிக் கேட்டதுண்டா? மேடையில் மட்டும் உயிர் வாழும் சொல் அது. ஓசை கம்பீரமாக இருப்பதால் எடுக்கிறார்கள், பொருளை எதிரில் இருப்பவர் முகம் பார்த்து ஊகிக்கிறார்கள்.

நகர்ந்த சொல் ஒரு வெற்றிடத்தை நிரப்பினால் நானும் சும்மா இருந்துவிடுவேன். பெருமிதம் என்று ஒரு சொல் முழுசாக, எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி இருக்கிறது. அதன் இடத்தில் இன்னொன்றை உட்கார வைத்தால், வியப்புக்கு இருந்த ஒரு பழஞ்சொல் கைநழுவிப் போகும். நமக்கு அதில் நட்டம்தான்.

பெண்கடல் (பாம்பன்):

நான் பாசி எடுக்கப் போற வீட்டுப் பொம்பள. தமிழ் அம்புட்டுப் படிக்கல. ஆனா கரையில என்ன பேசுவோம்னு சொல்றேன்.

அதிசயமா ஒன்னைப் பார்த்தா ‘ஆத்தாடி’ தான் மொதல்ல வரும். அப்பறம் ‘அடியாத்தி’, ‘யாத்தே’, ‘எம்மாடி’. ஆம்பளைங்க ‘ஏயப்பா’, ‘அடேங்கப்பா’ம்பாக. எல்லாம் ஒன்னு போல இருந்தாலும் ஒன்னு கெடையாது. ‘எம்மாடி’ன்னா பெருசைப் பார்த்து. ‘அடியாத்தி’ன்னா சேதி கேட்டு, அது பாதி நம்ப முடியாத சேதியா இருக்கணும். ‘யாத்தே’ல கொஞ்சம் பயமும் கலந்து வரும்.

ஒரு தடவை தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக்கிட்டு இருந்தோம். கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி முங்கி எடுக்குறது. பக்கத்துல தண்ணி கலங்குச்சு. நிமிந்து பார்த்தா ஒரு ஆவுளியா, கடற்பசுன்னு சொல்றாகளே அதுதான், மூச்சு வாங்க மேல வந்துருச்சு. மூக்கு ஓட்டை ரெண்டும் மூடி வச்ச மாதிரி இருந்து, படக்குன்னு தொறந்து புஸ்ஸுனு ஒரு சத்தம். முதுகு சாம்பல் நெறம், அதுல கோடு கோடா தழும்பு. ஒட்டுனாப்புல குட்டி. எங்கள்ல ஒருத்தரும் வாயைத் தொறக்கல. அது புல்லு மேயுற பக்கம் எறங்கிப் போனதுக்கு அப்பறந்தான் எங்க அயித்த ‘யாத்தே’ன்னாக. அந்த நேரத்துல பெருமை எங்கேருந்து வரும்? அதை நான் பெத்தேனா, வளத்தேனா?

அதுனால அந்தப் பெரியவர் சொன்னது எனக்குச் சரின்னு படுது. பாசி எடுக்குறவ மக படிச்சதைப் பார்த்து ஆத்தாடின்னா, அது எங்களை என்னமோ மாதிரி பாக்குறதாத்தான் இருக்கும்.

கீழக்கரை லாத்தா:

பாம்பன் தங்கச்சி சொன்னது மனசுல தச்சிருச்சு. எங்க ஊர்ப் பேச்சுலயும் இந்தப் பிரிவு இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

கடல், வானம், பிறந்த புள்ளையோட விரல் நகம், இப்படி ஆண்டவன் படைப்பைப் பார்த்து அசந்து போனா ‘சுப்ஹானல்லாஹ்’ம்போம். அது தூயவன் அவன்னு சொல்றது. அதுவே ஒருத்தங்க புள்ள நல்லாப் படிச்சா, நல்ல வீடு கட்டுனா ‘மாஷா அல்லாஹ்’, ஆண்டவன் நாடியபடி நடந்துச்சுன்னு சொல்றது. கண்ணேறு பட்டுறக் கூடாதுங்கிற பரிவும் அதுல சேந்து இருக்கு. எங்க உம்மா இதுல கறாரா இருப்பாங்க. மாத்திச் சொன்னா உடனே திருத்துவாங்க. ஆக வாடைக்காற்றுத் தம்பி ஊர்ப் புள்ளைக்கு எங்க வீட்டுல ‘மாஷா அல்லாஹ்’தான்.

அதிசயம்ங்கிற சொல்லு எங்களுக்கு ரொம்பப் பழகுன சொல்லு. தமிழ்ல முழுசாக் கெடைச்ச முதல் இஸ்லாமிய இலக்கியத்தோட பேரே ‘ஆயிர மசலா என்று வழங்கும் அதிசய புராணம்’தான். மசலான்னா கேள்வி. வண்ணப் பரிமளப் புலவர் பாடுனது, 1572ல மதுரையில அரங்கேறுனது. பேர்ல அரபுச் சொல்லும் வடசொல்லும் தமிழும் தோளோட தோள் உரசி நிக்குது.

ஒரு கேள்வி ஐயா. வியப்பு, மருட்கை, மலைப்பு, பிரமிப்பு எல்லாம் ஒன்னா? எங்கெங்க எதைப் போடணும்?

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

லாத்தா, இது எனக்கு மிகப் பிடித்த இடம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருட்கையின் வேர் மருள். மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. “பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருளானாம் மாணாப் பிறப்பு” என்று குறள். அங்கே மருள் வேண்டாத ஒன்று. அதே வள்ளுவர் காமத்துப்பாலில் மாலைப் பொழுதைச் சொல்லும்போது “பதிமருண்டு பைதல் உழக்கும் மதிமருண்டு மாலை படர்தரும் போழ்து” என்கிறார். வெளிச்சமா இருட்டா என்று பிரிக்க முடியாத நேரம், ஊரே மருண்டு போகிறது. நம் பக்கத்தில் சாமி வந்து ஆடுகிறவரை மருளாடி என்கிறோம். ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோம். எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான்: இதுவா அதுவா என்று அறிவு ஒரு கணம் தடுமாறுவது.

உவமை சொல்லும் உருபாகவும் மருள் வரும் என்பது எனக்கு இன்றும் இனிக்கிற செய்தி. மேலே சொன்ன பதிற்றுப்பத்துப் பாட்டில் ‘இறும்பூதால் பெரிதே’ என்று தொடங்கிய கையோடு “பணைமருள் நோன்தாள்” என்று யானைக் காலைச் சொல்கிறார். முரசு போன்ற வலிய கால். ‘முரசோ என்று மயங்க வைக்கிற’ கால் என்று விரித்தால் அந்த உருபு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

ஆனால் மருட்கை தாழ்ந்த சொல் என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பெருஞ்சோழன் உண்ணா நோன்பிருந்து உயிர் விடத் துணிந்து வடக்கிருந்தான். பாண்டிய நாட்டு, அதாவது நம்ம நாட்டு, பிசிராந்தையார் அவனை அதற்கு முன் கண்ணால் பார்த்தவர் இல்லை. நட்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். அதைப் பார்த்து நின்ற பொத்தியார் பாடுகிறார் (புறம் 217): “நினைக்குங் காலை மருட்கை உடைத்தே.” அரசன் இவ்வளவு சிறப்பையும் விட்டு இதைத் துணிந்தது மருட்கை. அதைவிட மருட்கை, வேற்று நாட்டுச் சான்றோன் இப்படி ஒரு வேளையில் இங்கே வந்தது. பொத்தியாருக்கு அறிவு குறைவில்லை. அந்த நட்பின் அளவு, அறிவால் அளக்கும் எல்லையைத் தாண்டி நின்றது.

வியத்தல் கொஞ்சம் வேறு. அதில் மதிப்பும் கலந்திருக்கும். அதனால்தான் “பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே” என்று கணியன் பூங்குன்றனார் வியத்தலுக்கு எதிரே இகழ்தலை வைத்தார். “வியவற்க எஞ்ஞான்றும் தன்னை” என்று வள்ளுவர் எச்சரித்ததும் அதனால்தான். தன்னைத்தானே வியக்க முடியும். தன்னைப் பார்த்து மருட்கை கொள்வது எளிதில் நடக்காது.

மலைப்பு, செய்ய வேண்டியது குவிந்து கிடக்கும்போதும் வரும். ‘வேலையைப் பார்த்தா மலைப்பா இருக்கு’. பிரமிப்பு வடசொல் வழி வந்தது, நின்ற இடத்தில் நின்றுபோவது. திகைப்பு, வழி தெரியாமல். இவற்றை விரிக்க வேண்டியதில்லை, பேச்சிலேயே எல்லாருக்கும் பிடிபடும்.

வாடைக்காற்று (மண்டபம்):

ஐயா, லாத்தா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டோம். ‘எங்கள் ஊர் மகளின் கல்வியால் பெருமிதம் கொள்கிறோம்’. பெரியவர்கிட்ட தொல்காப்பிய அடியைப் படிச்சுக் காட்டுனேன், ‘கல்வின்னு முதல்லயே வச்சிருக்காருல்ல’ன்னு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டாரு. பிளக்ஸ் தம்பிக்கும் அனுப்பியாச்சு.

இழையை மூடிற வேணாம். எனக்கு அந்த நாலு வகை, புதுமை பெருமை சிறுமை ஆக்கம், அதைக் கொஞ்சம் வெளக்கணும். இங்க பெருமைன்னா அளவுல பெருசு, அது விளங்குது. பழைய பாம்பன் பாலம் 1914ல தொறந்தது, கப்பல் வந்தா ரெண்டு பக்கமும் ஆளுக நின்னு லீவரைச் சுத்தி, நடுப் பகுதி ரெண்டாப் பிரிஞ்சு மேல எந்திரிச்சுக்கிட்டு இருந்துச்சு. புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்தாக, அதுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுக்க வசத்துல மேல போகுது. ரெண்டையும் பார்த்து வாயைப் பொளந்தவன்தான் நான். ஆனா சிறுமையைப் பார்த்து எப்படி வியப்பு வரும்? சின்னதுன்னா அலட்சியந்தானே வரும்?

பெண்கடல் (பாம்பன்):

இதுக்கு நான் சொல்லுவேன் தம்பி. வலையை உதறும்போது பாசியோட பாசியா ஒரு கடல்குதிரை ஒட்டிக்கிட்டு இருக்கும். புடிக்கக் கூடாது, சட்டம் இருக்கு, எடுத்துத் திரும்பக் கடல்லதான் விடணும். விடுறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வச்சுப் பாருங்க. குதிரை மூஞ்சி, ஒடம்பு பூரா கட்டம் கட்டமா எலும்பு வளையம், முதுகுல ஒரு சின்ன செறகு விடாம துடிச்சுக்கிட்டே இருக்கும். வாலை நம்ம விரல்ல சுத்திப் புடிச்சுக்கும். அந்தப் புடி இருக்கே, பாசித் தண்டுன்னு நெனைச்சுக்கிட்டுப் புடிக்குது. ஆண்தான் வயித்துப் பையில முட்டையைச் சொமந்து குஞ்சு பொறிக்கும்னு மீன் ஆராய்ச்சிக்காரவுக சொன்னப்ப, ‘அடியாத்தி’ன்னு நாங்க அம்புட்டுப் பேரும் ஒரே சத்தமாச் சொன்னோம். விரல் நீளங்கூட இல்லாத ஒன்னுக்குள்ள இம்புட்டுக் காரியமா? சிறுமைன்னா இதுதான்னு நெனைக்கிறேன்.

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

இதுதான். உரையாசிரியர்கள் சொல்வதும் இதே போக்குதான்: மிக நுண்ணியது ஒன்றைக் கண்டு வியத்தல். ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக ஆகிப் போவது. கீழக்கரைப் பக்கம் சொல்லவே வேண்டாம், சிப்பிக்குள் புகுந்த வேண்டாத துகளைச் சிப்பி தன் சுரப்பால் அடுக்கடுக்காக மூடி மூடி முத்தாக்கி விடுகிறது. முத்துக் குளித்த கரையில் பிறந்தவர்களுக்கு ஆக்கம் என்ற சொல்லுக்கு வேறு உரை தேவையில்லை.

செம்மண் (ஓரியூர்ப் பக்கம்):

நான் ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. ‘புதுமை’ங்கிற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோணுச்சு.

நாங்க கத்தோலிக்கர். எங்க வீட்டுல புதுமைன்னா புதுசுன்னு மட்டும் பொருள் இல்ல. ‘அந்தோணியார் புதுமை’, ‘மாதா புதுமை செஞ்சாக’ன்னு சொல்லுவோம். அதாவது மனுச சக்திக்கு மீறி நடந்த காரியம். மத்த சபைக்காரவுக அற்புதம்பாக. எங்க பாட்டி காலத்து ஆளுகளுக்குப் புதுமைதான். மறை பரப்ப வந்த ஜான் தெ பிரிட்டோ பாதிரியார், நாங்க அருளானந்தர்னு சொல்றவரு, அவரை 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூர்ல வெட்டிக் கொன்னாக. அந்த மண்ணு அவரு ரத்தத்தால செவந்துச்சுன்னு எங்க சனம் நம்புது. அதைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயி வீட்டுல வச்சுக்குவாக, நோய்னா நெத்தியில பூசுவாக. அதைப் பத்திப் பேசும்போது பாட்டி ‘அது ஒரு புதுமைய்யா’ன்னுதான் சொல்லும். பள்ளிக்கூடத்துல ‘புதுமைப் பெண்’னு பாடம் நடத்துனப்ப, அற்புதம் செய்யுற பொம்பளைன்னு நான் வெளங்கிக்கிட்டேன்.

தொல்காப்பியத்துல வியப்புக்கு முதல் காரணமாப் புதுமையை வச்சிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. பாட்டி சொன்ன சொல்லுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குமா ஐயா?

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

அருமையான செய்தி கொடுத்தீர்கள். இதுவரை காணாத ஒன்று தோன்றும்போது வருகிற வியப்புதான் மெய்ப்பாட்டியல் சொல்லும் புதுமை. அற்புதம் என்பதும் அதுதானே. தமிழில் மறை பரப்ப வந்தவர்களும் அவர்களோடு இருந்த தமிழறிந்தவர்களும் இந்தச் சொல்லை எடுத்தபோது மெய்ப்பாட்டியலை நினைத்தார்களோ இல்லையோ, சொல்லுக்குள் அந்த இடம் முன்பே இருந்தது. உங்கள் பாட்டியார் வாயில் அது இன்றளவும் புழங்கியது பெரிய காரியம். பாட்டியார் பேசும் மற்றச் சொற்களையும் எழுதி வையுங்கள்.

தொண்டிக்காரன்:

ஓரியூர்க்காரர் சொன்னதே என் பக்கத்துக்கு வலு சேக்குது, பாருங்க! புதுமைக்கு இன்னைக்கு ஊர்ல புதுசுன்னு பொருள், ஒரு சனத்துக்கிட்ட அற்புதம்னு பொருள். ரெண்டும் சரி. அப்ப இறும்பூதுக்கு மட்டும் ஏன் ஒரே பொருள்?

திண்ணைப் பள்ளி (தேவிபட்டினம்):

இரண்டு பொருளும் அகராதியில் ஏறட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் புதுமையின் இரண்டு பொருளும் ஒரே வேரில் கிளைத்தவை, ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. இறும்பூதில் பெருமை என்ற பொருள் ஏறும்போது வியப்பு இறங்கிப் போகிறது. அதற்கு மேல், யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். அமைச்சர் மேடையில் யாரும் யாரையும் பார்த்து இறும்பூது எய்தட்டும். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பைச் சொல்லும்போது, படித்தவர் எவராவது ஒருவர் அந்தச் சொல்லின் பழம்பொருளை அறிந்திருந்தால் போதும், அது அந்த வீட்டுக்குக் குறை.

தொண்டிக்காரன்:

அந்தக் கடைசிச் சேதிக்கு நான் தலை வணங்குறேன் ஐயா. அந்தப் பிளக்ஸுல பெருமிதந்தான் நிக்கணும். ஆனா பொதுவா சொல்லு நகர்றதைப் பத்தி என் எண்ணம் மாறல. ‘பயங்கர சந்தோசம்’, ‘பயங்கரமா பாடுனா’ன்னு எங்க வீட்டுப் பிள்ளைக பேசுது. அச்சத்துக்கு இருந்த சொல்லு வியப்புக்கு வந்துருச்சு, உங்க எட்டு மெய்ப்பாட்டுல அதுவும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே? மருட்கைக்கு அடுத்து அச்சத்தைத்தானே வச்சிருக்காரு. அதுக்குத் தனி இழை தொறக்குறேன், எல்லாரும் அங்க வாங்க. லாத்தா, நீங்க கீழக்கரையில வியப்புக்குச் சொல்ற சொல்லு எல்லாத்தையும் அங்க போடுங்க.

கீழக்கரை லாத்தா:

கட்டாயம் போடுறேன் தம்பி. எங்க மூத்தம்மா சொல்ற ‘என் ரப்பே’ல (என் இறைவனேன்னு பொருள்) இருந்து தொடங்குறேன். அதுல வியப்பு, பயம், நன்றி மூனும் இருக்கு, எந்தக் கணக்குல சேக்குறதுன்னு ஐயாதான் சொல்லணும்.